படகு எண் இல்லாதவர்களின் இழப்பு: காலநிலை நீதி பேசும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம். சென்னையில் காலநிலை நீதிக்காக வேலை செய்கிற தன்னார்வ அமைப்புகள், சூழல் குழுக்கள், கல்லூரி மாணவர் மன்றங்கள், கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்தும் வழக்கறிஞர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரையுள்ள குப்பங்களில் மனு எழுத வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். கலெக்டருக்கு, மீன்வளத் துறைக்கு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இந்த முறை அரசுக்கு எழுதவில்லை. அரசு கொடுக்க மறுப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் நாம் கேட்கிற விதத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை அடைக்க உங்களால் முடியும்.

2023 நவம்பர் 30 அன்று துபாயில் ஐ.நா. காலநிலை மாநாடு தொடங்கியது. முதல் நாளிலேயே இழப்பு, சேத நிதியத்தை நடைமுறைக்குக் கொண்டுவர எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டன. கரியை எரித்து வளர்ந்த நாடுகள், அதனால் அடிபடும் நாடுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பது 1991-லேயே வனுவாட்டு என்ற சின்னத் தீவு நாடு வைத்த கோரிக்கை. முப்பது வருடத்துக்கு மேல் இழுத்தடித்து, அதையும் விருப்பப்பட்டவர் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம் என்ற அளவில் ஏற்றுக்கொண்டார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. உங்களில் பலர் அந்தச் செய்தியைப் பகிர்ந்தீர்கள், நானும் பகிர்ந்தேன்.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் மிக்ஜாம் வந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னை மூழ்கியது. புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில், பாபட்லா பக்கம், டிசம்பர் 5-ல். ஆனால் தண்ணீர் முழுக்க இங்கே கொட்டிவிட்டுத்தான் போனது. மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை கருப்பாகப் படர்ந்தது. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், எங்கும் அதே வாடை. படகின் வெளிப்பக்கம், வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரத்தின் வேர், கூழைக்கடாவின் இறக்கை எல்லாவற்றிலும் தார் மாதிரி ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் வாளியாலும் மக்காலும் கையாலும் எண்ணெய் அள்ளிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும் அள்ளியது இதே வாளிகளால்தான். நடுவில் ஏறத்தாழ ஏழு வருடம் போயிருந்தது.

துபாய் மாநாடு முடிய அப்போது இன்னும் ஒரு வாரம் பாக்கி.

நிவாரணம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். புயலுக்கு ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். எண்ணெய்க்கு, பாதிக்கப்பட்டதாகப் பட்டியலில் ஏறிய மீனவக் குடும்பத்துக்கு 12,500, சேதமான படகுக்கு 10,000. சரி, பட்டியலில் எப்படி ஏறுவது? ரேஷன் அட்டை இந்த முகவரியில் இருக்க வேண்டும், சங்கத்தில் பெயர் இருக்க வேண்டும், படகு எண் இருக்க வேண்டும்.

கொசஸ்தலை ஆற்றிலும் கால்வாயிலும் கையால் இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பெண்களை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். கழுத்தளவு தண்ணீரில் குனிந்து நகர்வார்கள். பனையோலைக் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்படுகிற இறாலைக் கூடையில் போட்டபடியே போவார்கள். படகு கிடையாது, வலை கிடையாது. சேற்றில் கிடக்கும் பாட்டில் துண்டு கீறாத விரல் ஒன்றுகூட இருக்காது. பலருக்குச் சாதிச் சான்றிதழே போராட்டம், அப்புறம் எங்கே சங்க உறுப்பினர் அட்டை! அந்த டிசம்பரில் ஒரு அம்மாவுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். படிவத்தில் "படகு பதிவு எண்" என்று ஒரு கட்டம். "இதுல என்னம்மா போட?" என்றேன். "கைன்னு எழுதுண்ணே" என்றார். எழுதினேன். கொடுத்த இடத்தில் அந்தக் கட்டத்தைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

அவர் மட்டும் இல்லை. கூடையில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிற பெண்கள், கூலிக்கு வலை பின்னிக் கொடுக்கிறவர், அடுத்தவர் படகில் பங்குக்குப் போகிறவர், வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஊர் முகவரியில் அட்டை வைத்திருப்பவர் என்று அந்த மாதம் முழுக்க என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள். இழப்பு அவர்களுக்கு நடந்தது. அது எந்தத் தாளிலும் நடக்கவில்லை.

இங்கேதான் உங்களைக் கேட்கிறேன். துபாயில் நிதியத்தைத் திறந்தாயிற்று. தமிழ்நாட்டில் 2022 முதல் அரசின் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது, மாவட்டத்துக்கு மாவட்டம் கலெக்டர் தலைமையில் குழு இருக்கிறது. 2024-ல் உச்ச நீதிமன்றம், கானமயில் என்ற பறவைக்காகப் போடப்பட்ட வழக்கில், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசியல் சட்டத்தின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று சொல்லிவிட்டது. கதவுகள் ஓரளவு திறந்துதான் இருக்கின்றன. அந்தக் கதவுகளில் எதற்குள் நுழைந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உனக்கு என்ன போச்சு, எவ்வளவு போச்சு, அதற்கு என்ன ஆதாரம்? இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிற குப்பம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. ஆறு எப்படி இருந்தது என்று வயதானவர்களுக்குத் தெரியும். எந்த மாதம் எந்த மீன், எத்தனை கூடை, என்ன விலை, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். தாளில் இருக்காது.

நான் கேட்பது இது: அடுத்த புயலுக்கு முன்பே, ஒவ்வொரு குப்பமும் காலனியும் தன் வீட்டுக் கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொள்ள உதவுங்கள். இழப்புப் பதிவேடு என்று வைத்துக்கொள்வோம். இழந்த பிறகு எழுதத் தொடங்கினால் அது புலம்பல் மனுவாகத்தான் முடிகிறது. முன்பே எழுதியிருந்தால், நேற்று இவ்வளவு இருந்தது, இன்று இவ்வளவு இல்லை என்று காட்ட முடியும்.

இதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்குமா என்று வழக்கறிஞர் நண்பர்கள் கேட்கலாம். நின்றிருக்கிறது, நம் ஊரிலேயே. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் நிலமும் கிணறும் கெட்டுப்போனதை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான், 1996-ல், "மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதோடு நிறுத்தவில்லை. இழப்பைக் கணக்கிட ஒரு ஆணையம் அமைத்தார்கள். அந்த ஆணையம் 29,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை அடையாளம் கண்டு, 2001-ல் சுமார் 26 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், சராசரி பத்தாயிரத்தைத் தொடாது. கிணறு கெட்டவனுக்கு அது எந்த மூலைக்கு? இருந்தாலும், பெயர் சொல்லி, தலை எண்ணி, தொகை போட்டுக் கொடுத்தார்கள் என்பது பெரிய விஷயம். அந்த வழக்கின் மிச்சத்துக்காக 2025 ஜனவரியில்கூட உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. சட்டப் புத்தகங்களில் அந்தக் கோட்பாடு மட்டும்தான் பேசப்படுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தப் பெயர்ப் பட்டியல்.

இன்னொரு விஷயம், இது அவசரமும்கூட. 2010-ஆம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில், மாசால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு மனுப் போடலாம். அதற்குக் கெடு ஐந்து வருடம். அறுபது நாள் வரை தீர்ப்பாயம் சலுகை காட்டலாம், அவ்வளவுதான். புயலுக்கு அங்கே இழப்பீடு கேட்க முடியாது, ஆனால் புயல் கொண்டுவந்து சேர்த்த எண்ணெய்க்குக் கேட்கலாம். 2023 டிசம்பரில் நடந்ததற்கு 2028 டிசம்பரோடு கெடு முடிகிறது. உங்கள் நாட்காட்டியில் உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு வட்டம் போட்டிருப்பீர்கள். இந்த மாதத்துக்கும் ஒரு வட்டம் போடுங்கள்.

எண்ணூரில் எது காலநிலை, எது மாசு என்று பிரிக்கவே முடியாது. இந்தக் குழப்பம்தான் ஒவ்வொரு துறைக்கும் தப்பிக்கிற வழி. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் ஒரு காலத்தில் அகலமான உப்பங்கழி. பூண்டி ஏரி திறந்தால் வருகிற வெள்ளம் முழுவதையும் அது விழுங்கிக்கொள்ளும். 1970-களிலிருந்து அதைச் சுற்றி அனல்மின் நிலையங்கள் வந்தன. எண்ணூர் பழைய நிலையம் 2017-ல் மூடப்பட்டது. வடசென்னை நிலையம் ஓடுகிறது, வல்லூரில் 1,500 மெகாவாட் ஓடுகிறது, 2024 மார்ச்சில் வடசென்னையில் இன்னொரு 800 மெகாவாட் தொடங்கி வைத்தார்கள். சாம்பல் குழாய் உடைந்து உடைந்து ஆற்றில் படிந்து ஆழம் குறைந்துபோனது. செப்பாக்கம் போன்ற ஊர் சாம்பல் குளத்துக்குப் பக்கத்திலேயே மூச்சுவிட வேண்டியிருக்கிறது. துறைமுகத்துக்காகவும் கிடங்குகளுக்காகவும் கழிமுகத்தின் ஓரங்களை மண் போட்டு நிரப்பினார்கள். மேலே பெய்கிற மழை கூடிக்கொண்டே போகிறது, கீழே வடிகிற வழி சுருங்கிக்கொண்டே வருகிறது. புயல் நேரத்தில் கடலும் ஏறி நின்றால் தண்ணீர் எங்கே போகும்? குப்பத்துக்குள்தான்.

அந்த அனல்மின் நிலையத்துக்கும் வெள்ளத்துக்கும் உள்ள தொடர்பை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கரி எரிகிற இடத்திலேயே அதன் இரண்டு விளைவும் விழுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். சாம்பல் உடனே விழுகிறது, மழை பத்திருபது வருடம் கழித்து விழுகிறது. இரண்டும் விழுவது ஒரே ஓட்டு வீட்டின் மேல். அந்த வீட்டில் ஏசி இல்லை, கார் இல்லை.

இதோடு காக்கா ஆழி வேறு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் சிப்பி, கப்பல்கள் நிலைத்து நிற்க ஏற்றிவரும் தண்ணீரோடு வந்திருக்கலாம் என்கிறார்கள். எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் ஆற்றுப்படுகை முழுக்கப் பாய் விரித்தது போலப் படர்ந்துவிட்டது. இறால் ஒதுங்கும் சேறு அதன் அடியில் மறைந்துபோகிறது. மஞ்சள் மட்டிக்கு இடமில்லை. கையால் தடவுகிற பெண்களுக்குப் புதுப் புதுக் கீறல். இது எந்தத் துறையின் கணக்கு? மீன்வளமா, நீர்வளமா, துறைமுகமா, காலநிலையா? ஆற்றின் ஒரு கரை சென்னை மாவட்டம், மறு கரை திருவள்ளூர் மாவட்டம் என்பதால் இந்தக் கேள்வி இரண்டு மடங்காகிவிடும். வீட்டுக் கணக்கில் இந்தச் சிக்கல் கிடையாது. போன வருடம் ஐப்பசியில் இவ்வளவு இறால், இந்த வருடம் ஐப்பசியில் இவ்வளவு என்று எழுதினால் போதும். காரணத்தைத் துறைகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

சரி, இதில் என்ன எழுதுவது, எப்படி எழுதுவது? வீட்டுக்கு ஒரு பக்கம். யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன வேலை செய்கிறார்கள். "இல்லத்தரசி" என்று எழுதிவிட்டு நகராதீர்கள், கேட்டுப் பாருங்கள், நண்டு ஆய்ந்து கொடுப்பார், கருவாடு போடுவார். என்ன வலை, என்ன கூடை, எப்போது வாங்கியது. எந்த மாதம் எந்தப் பிடிப்பு, யாரிடம் விற்பது, வியாபாரியிடம் முன்பணம் எவ்வளவு. இந்த முன்பணம் முக்கியம். புயல் வந்தால் பிடிப்பு மட்டும் போகாது, கடனும் ஏறும், வட்டியை எந்த நிவாரணமும் தொடாது. 2015-ல் தண்ணீர் எந்தப் படி வரை, 2023-ல் எதுவரை. சுவரிலேயே பெயிண்டில் கோடு போட்டு வருடத்தை எழுதிவிட்டால் இன்னும் நல்லது. வேலைக்குப் போக முடியாத நாட்கள் எத்தனை, மழையாலும் வெயிலாலும். 2024-ல் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல அறிவிப்புதான். ஆனால் வெயிலில் சுருண்டு பாதி நாளில் திரும்பி வந்த மீன்காரம்மா சாகவில்லையே, அவருக்கு எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை.

குஜராத்தில் சேவா சங்கத்துப் பெண்கள் இதற்கு ஒரு வழி பார்த்திருக்கிறார்கள். இலா பட் 1972-ல் தொடங்கிய அமைப்பு அது. உப்பளத் தொழிலாளர்கள், தெரு வியாபாரிகள், தலைச்சுமைத் தொழிலாளர்கள் என்று உறுப்பினர்களுக்காக ஒரு வெயில் காப்பீடு கொண்டுவந்தார்கள். வெப்பம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் போதும், ஆஸ்பத்திரிச் சீட்டோ இறப்புச் சான்றோ இல்லாமல் பணம் கணக்கில் ஏறும். தொகை சின்னதுதான். ஆனால் வெயிலால் போன கூலி ஒரு இழப்பு என்று ஒரு கம்பெனியையே ஒப்புக்கொள்ள வைத்தார்களே, அது எப்படி முடிந்தது? பெயரும் வேலையும் வங்கிக் கணக்குமாக உறுப்பினர் விவரம் கையில் இருந்ததால்தான்.

படங்கள் பற்றி ஒரு நடைமுறைக் குறிப்பு. மிக்ஜாம் சமயத்தில் எல்லோர் போனிலும் படங்கள் இருந்தன. ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வந்தவை. எடுத்த நாளும் நேரமும் அதில் அழிந்துபோகும், யார் எடுத்தது என்றும் தெரியாது. மின்னணு ஆதாரம் எந்தக் கருவியில் எடுத்தது என்று உறுதி சொல்கிற சான்றிதழ் கேட்பார்கள். முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் அது 65பி பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. எடுத்தவரின் போனில் மூலப் படம் இருந்தால்தான் அந்தச் சான்றிதழைத் தைரியமாகக் கொடுக்க முடியும். படம் எடுக்கச் சொல்லிக் கொடுக்க உங்களில் பலர் பட்டறை நடத்தியிருக்கிறீர்கள். அந்தப் படத்தை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று யாராவது அரை மணி நேரம் சொல்லிக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

எழுதியதை எங்கே வைப்பது? ஒரு நகல் ஊர்ப் பஞ்சாயத்திடம், ஒன்று மகளிர் சுயஉதவிக் குழுவிடம், ஒன்று வழக்கறிஞரிடம். ஊர்ப் பஞ்சாயத்திடம் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். குப்பத்துக்குள்ளேயும் மேல் கீழ் இருக்கிறது. இருளர் குடியிருப்பு அந்த ஊர்க் கூட்டத்தில் உட்காருவதில்லை, பெண்களில் பலரும் உட்காருவதில்லை. அவர்கள் பக்கங்களை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் கிராம சபை உண்டு, வருடத்துக்கு ஆறு முறை. அங்கே பதிவேட்டைப் படித்துத் தீர்மானமாக ஏற்றலாம். எண்ணூர் மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால் கிராம சபை கிடையாது, பகுதி சபைதான், அதுவும் கூட்டினால்தான் உண்டு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மக்களுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பழவேற்காட்டில் பாடு முறை இன்றும் இருக்கிறது. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்து, சீட்டுப் போட்டு, தலைமுறை தலைமுறையாகச் சண்டையில்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். அந்த ஒழுங்கில் பாதி நம் அமைப்புகளின் வரவு செலவுக் கணக்கில் இருந்தால் நன்றாக இருக்கும்.

இதற்கு எதிர்ப்பு வரும், அதுவும் மக்களிடமிருந்தே. கணக்கெடுக்க வருகிறோம் என்றாலே கதவைச் சாத்துவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள், கைரேகை வாங்கினார்கள். வெள்ளத்திலிருந்து பாதுகாப்பு என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டி. ஆற்றங்கரை வெள்ளத்துக்குப் பயந்து, சதுப்பில் கட்டிய எட்டு மாடியில் கொண்டுபோய் வைத்தாயிற்று. ஒவ்வொரு மழைக்கும் அங்கே தண்ணீர் நிற்கிறது. பழைய வேலை இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போய்விட்டது. பட்டியல் என்பது அவர்களுக்கு வெளியேற்றத்தின் முதல் பக்கம். அந்தக் கணக்கெடுப்புகளில் சிலவற்றுக்குத் தன்னார்வ அமைப்புகளும் துணை போயின என்பதை மறக்காமல் இருப்பது நமக்கு நல்லது.

அதனால் இந்தப் பதிவேடு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. கூகுள் படிவம் வேண்டாம். நிதி கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பும் அறிக்கையில் பெயரும் போன் நம்பரும் போகக் கூடாது. எழுதுகிறவர் அந்த ஊர்ப் பிள்ளையாக இருக்க வேண்டும், பன்னிரண்டாவது முடித்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். யாருக்கு எப்போது எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று முடிவு செய்வது அந்த வீட்டின் உரிமை. எழுத மாட்டேன் என்றால் விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள்.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். விழிப்புணர்வுக் கூட்டங்களைக் குறைத்தால் நேரம் கிடைக்கும். கடல் ஏறுவதைப் பற்றிக் காட்டுக்குப்பத்தில் போய்ப் படம் போட்டுக் காட்ட வேண்டிய தேவை இல்லை. நகரத்து ஓட்டல் அரங்கில், "பாதிக்கப்பட்ட சமூகங்களின் குரல்" என்ற பேனருக்குக் கீழே, ஒரு அக்காவை உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசவிட்டு அழவைத்து அனுப்புகிறீர்களே, அன்றைய வியாபாரம் அவருக்குப் போச்சு. அந்த இழப்பையும் பதிவேட்டில் எழுதலாம்! அலையாத்திக் கன்று நடுகிற விழாவும் அப்படித்தான். இடம் பார்க்காமல் நட்டால் வேர் பிடிக்காமல் போகும், பிடித்தாலும் இறால் தடவுகிற சேற்றை மறித்துக்கொண்டு நிற்கும். எங்கே நடலாம் என்று ஆற்றில் இறங்குகிறவரைக் கேட்டுவிட்டு நடுங்கள்.

மாணவர் மன்றங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களால் என்ன முடியும் என்று சந்தேகம் வந்தால் பசிபிக் தீவு மாணவர்களைப் பாருங்கள். 2019-ல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் 27 சட்ட மாணவர்கள் தொடங்கிய ஒரு யோசனை, வனுவாட்டு அரசின் கைக்குப் போய், 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமாகி, 2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துரையாக வந்து நின்றது. காலநிலையைக் காக்கும் கடமையை மீறுகிற நாடு அதன் விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்று அதில் இருக்கிறது. அது கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை, கருத்துதான். ஆனால் அந்த மாணவர்கள் சட்ட வாதத்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. தீவு தீவாக, என்ன போச்சு என்று மக்கள் சொன்னதைச் சேர்த்துக் கொண்டுபோனார்கள். அந்த நீதிமன்றம் இருக்கிற ஹேக் நகரத்துக்குப் போக வேண்டாம், நீங்கள் மணலி வரை வந்தால் போதும். பஸ்ஸில் கூட்டம் இருக்கும், அது வேறு விஷயம்.

நிதி கொடுப்பவர்களுக்கும், நிதி வாங்குகிற அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். மூன்று வருடத் திட்டத்தில் ஆலோசகர் கட்டணம், அறிக்கை வடிவமைப்பு, விமானச் செலவு என்று போடுகிறீர்கள். அதில் ஒரு பங்கை எடுத்து, ஒரு குப்பத்துக்கு ஒரு பெண் என்று, மாதா மாதம் பதிவேட்டைப் புதுப்பிக்கிறவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள். தன்னார்வலர் என்று சொல்லி இலவசமாக வேலை வாங்க வேண்டாம். ஒரு பருவம் எழுதிவிட்டு விட்டுவிட்டால் பிரயோஜனம் இல்லை, குறைந்தது ஐந்து ஆறு வருடம் தொடர வேண்டும். உங்கள் திட்டம் முடிந்தாலும் அந்தச் சம்பளம் நிற்காமல் இருக்க என்ன வழி என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இதைப் பேசாமல் தொடங்குவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

வழக்கறிஞர்களுக்கு: 15-ஆம் பிரிவு மனுவுக்கு எந்த மாதிரியான கணக்கு தேவை என்று ஒரு பக்கத் தமிழ்ப் படிவம் தயார் செய்து கொடுங்கள். தாசில்தார் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழில். அதில் "படகு எண்" கட்டத்துக்கு முன்னால் "என்ன வைத்துப் பிடிக்கிறீர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கிவிடும். ஆடியிலேயே ஆரம்பித்தால் ஒரு குப்பத்தையும் ஒரு இருளர் குடியிருப்பையும் மழைக்கு முன் முடித்துவிடலாம். பெரிய கணக்கு நோட்டுகள், ஸ்டாம்ப் பேட், ஒரு டேப், ஒரு டப்பா பெயிண்ட், இவ்வளவுதான் சாமான். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், அன்று மார்க்கெட் உண்டு, யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். வார நாளில், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வரலாம். பேனர் வேண்டாம். வருகிற அமைப்புகள் ஒன்றுக்கொன்று முன்பே பேசிக்கொண்டு வந்தால், ஒரே வீட்டை நான்கு பேர் நான்கு நோட்டில் எழுதுகிற கூத்து நடக்காது. எந்தத் தெருவை யார் எடுப்பது என்று முதல் கூட்டத்தில் முடிவு செய்துகொள்ளலாம். அந்தக் கூட்டத்துக்கு இடமும் டீயும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
திருவொற்றியூரிலிருந்து ஒரு மனு எழுத்தர்